கால் பக்கம்

குனிந்தபோது ஒன்று, நிமிர்ந்தபோது ஒன்று என எடுத்த இரண்டு எக்ஸ்ரே படங்களையும் டாக்டர் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

“எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் தேஞ்சுபோச்சு. நீங்க குனிஞ்சா, தையல் விட்ட துணி மாதிரி எலும்பு நழுவுது. அப்படி எதைத் தூக்குறீங்க?”

“என் சம்சாரத்தைத்தான் டாக்டர். படுத்த படுக்கை. தினமும் காலையில கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்தணும்,” என்றார் தையல்காரர்.

“இனி தனியாத் தூக்கினா உங்களாலயே நடக்க முடியாமப் போயிடும்.”

“பொண்டாட்டியைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறேன்னு ஊரே சொல்லுது. இப்பப் போய் இறக்கி வைன்னா எப்படி?”

டாக்டர் சிரித்துவிட்டு, கூட வந்திருந்த மகள் பக்கம் திரும்பினார். “நீயும் கூட ஒரு கை பிடிம்மா.”

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை, அப்பா கட்டிலின் தலைமாட்டில் குனிந்து கைகளை நீட்டியபோது அவளும் வந்து நின்றாள்.

“கால் பக்கம் நான் பிடிச்சுக்கிறேம்ப்பா.”

இருவரும் சேர்ந்து நிமிர்ந்து, நாலு அடி நடந்து, மெல்ல இறக்கினார்கள்.

“உங்கம்மா இன்னைக்கு லேசா இருக்கா,” என்றார் அப்பா.

“ஆமாம்ப்பா,” என்றாள் மகள், அம்மா இறந்ததிலிருந்து எட்டு மாதமாகக் காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியில் தலையணையைச் சரிசெய்தபடி.