சும்மா பாத்தி

“மறுபடி எண்ணு” என்றார் மேடம்.

டெக்னீஷியன் மூன்றாவது தடவையாக எண்ணினாள். ஜெல்லி ஊற்றிய வட்டக் கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றிலும் வயல் மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு விட்டிருந்தார்கள். உயிருள்ள மண் என்றால் மூன்றே நாளில் தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக பாக்டீரியா முளைத்துவிடும்.

“மருந்து அடிச்ச பாத்தியில பதினொரு புள்ளி. சும்மா பாத்தியில பதிமூணு மேடம்.”

“சும்மா பாத்தியில முந்நூறாவது இருக்கணும்.”

இருக்கணும்தான். தட்டு ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு பாத்தி, ஒரே மண், ஒரே விதை. ஒன்றுக்கு மட்டும் நானோ வெள்ளி கலந்த மருந்து. இலையில் வருகிற பூஞ்சையைக் கொல்லத்தான் அது வந்தது. போகிற போக்கில் மண்ணில் இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் கொல்கிறதா என்பதுதான் மேடத்தின் மூன்று வருஷ ஆராய்ச்சிக் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்திலேயே எதுவும் அடிக்காத ‘சும்மா பாத்தி’ ஒன்று. இப்போது இரண்டுமே செத்துக் கிடந்தன.

பதினொரு மணிக்கு, மருந்தை விற்க அனுமதி தரும் குழு வருகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் ‘வித்தியாசம் இல்லை’ என்றுதான் அறிக்கையில் எழுத முடியும். குழு அதைக் ‘கெடுதல் இல்லை’ என்று படிக்கும். அடுத்த மாதமே மருந்து கடைக்கு வந்துவிடும்.

“அந்த ஆளக் கூப்பிடு.”

வயலில் மருந்து அடிப்பவர் ஒரே ஒருவர்தான். எந்நேரமும் முதுகில் ஸ்ப்ரேயர் இருப்பதால் எல்லோருக்கும் அவர் டேங்க் அண்ணன். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. வேலை நிரந்தரமாவதற்கான காகிதம் போன வாரம்தான் மேடத்தின் மேஜைக்கு வந்திருந்தது.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். சும்மா பாத்தியில் மருந்து அடித்தீர்களா என்று மேடம் கேட்டார். இல்லை என்றார். மருந்துக் கம்பெனிக்காரர் வந்து டீ வாங்கிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேனே என்றார் மேடம்.

“கொடுத்தார் மேடம். சர்க்கரை கம்மி.”

டெக்னீஷியன் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள்.

“விளையாடாதீங்க. அங்க எப்படி மருந்து போச்சு?”

“அடிக்கல மேடம். ஊத்தினேன்.”

மருந்து அடித்து முடித்ததும் டேங்கை மூன்று தடவை அலச வேண்டும். அந்தத் தண்ணீர். ஒவ்வொரு தடவையும், முதல் நாளிலிருந்து.

“கொட்ட வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?”

“நீங்கதானே மேடம் சொன்னீங்க, அது சும்மா பாத்தின்னு. சும்மா கிடக்குற இடம்தானேன்னு நினைச்சேன்.”

மேடத்தின் முகம் சிவந்தது. முதல் நாள் ‘அது எதுக்கு மேடம்’ என்று டேங்க் அண்ணன் கேட்டதும், விளக்கப் பொறுமை இல்லாமல் ‘அது சும்மா பாத்தி, விடுங்க’ என்று சொன்னதும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஞாபகம் வந்ததாலேயே கோபம் இரண்டு மடங்கானது.

டிராயரை இழுத்தார். வேலையிலிருந்து நீக்கும் படிவம் ஒன்றை எடுத்தார். அவசரத்தில் காரணத்தைத்தான் முதலில் எழுதினார்: ‘மருந்துக் கழிவை, யாரையும் கேட்காமல், கொட்டக் கூடாத இடத்தில் கொட்டியது.’

“உங்க முழுப் பேர் என்ன?”

மூன்று வருஷத்தில் அதை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

டெக்னீஷியனுக்குப் பொறுக்கவில்லை. “மேடம், கழுவின தண்ணிய எங்க ஊத்தணும்னு அண்ணனுக்கு நாம சொல்லவே இல்லையே.”

“இதக்கூடவா சொல்லித் தருவாங்க? வாசல்லயே வாய்க்கால் ஓடுது. அதுல கழுவி விட்டுட்டுப் போக வேண்டியதுதானே.”

டேங்க் அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்தார்.

“வாய்க்கால்லயா? கீழ பயறு போட்டிருக்காங்க மேடம். ஏற்கெனவே அங்க வேர்ல முடிச்சே பிடிக்கல.”

மேடத்தின் பேனா நின்றது. பயற்றஞ்செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகு கடுகாக முடிச்சு இருக்கும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் செடிக்குச் சாப்பாடு. இதை அவர் எத்தனையோ கூட்டத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறார்.

“முடிச்சு இல்லையா? ஏன்? நீங்கதான் வாய்க்கால்ல கழுவவே இல்லங்கிறீங்களே.”

“அதத்தான் நானும் யோசிச்சேன் மேடம். ஒரு நாள் வேலை முடிஞ்சு, அந்த வயல்ல இருந்து வாய்க்கால் ஓரமாவே மேல நடந்து வந்து பார்த்தேன். வழியில ஒரே ஒரு குழாய்தான் வந்து விழுது.”

யாரையும் குறை சொல்லும் குரல் இல்லை அது. வழி கேட்டவருக்குக் கை காட்டுவதுபோல, அறையின் மூலையைக் காட்டினார்.

அங்கே கை கழுவும் தொட்டி. அளந்து கலக்கிய மருந்தின் மிச்சத்தை அதில் கவிழ்ப்பதற்காக டெக்னீஷியன் காலையிலேயே எடுத்து வைத்த கண்ணாடிக் குடுவைகள், மேடத்தின் கையெழுத்தில் ஒட்டிய சீட்டுகளோடு, வரிசையாக நின்றன.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குழு வந்துவிட்டது.

மேடம் படிவத்தைப் பார்த்தார். காரணத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெயர் எழுதும் கட்டம்தான் காலியாக இருந்தது.

“முழுப் பேர் கேட்டீங்களே மேடம்” என்றார் டேங்க் அண்ணன். “சொல்லவா?”