இருபது வருட வைன்

புலாவ் செபாங் ஊரில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர். தலைப்பக்கம் ரங்கசாமி. அவருக்கு வலப்பக்கம், பெண் கேட்டு ஜாசினிலிருந்து வந்திருந்த லோகேந்திரன். எதிரே ரங்கசாமியின் மனைவி கமலவேணி, அவளை ஒட்டி மகள் ஷாமினி.

“குடிக்கிற ஆளுக்கு என் பொண்ணைத் தரமாட்டேன். இந்த வீட்டுக்கு ஒருத்தர் போதும்,” என்று கமலவேணி காலையிலேயே சொல்லியிருந்தாள். ரங்கசாமி கேட்டால்தானே! இருபது வருடமாக ஏர்கோன் அறையில் காத்துவந்த பிரெஞ்சு ரெட் வைனைத் திறந்து, வந்தவனுக்கும் ஊற்றிவிட்டார்.

லோகேந்திரன் கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தான். மெல்லச் சுழற்றி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடிக்கொண்டான்.

“ஓரத்துல செங்கல் நிறம் வந்திருச்சு அங்கிள், நல்லா முதிர்ந்த வைன். முதல்ல காய்ஞ்ச பிளம், அப்புறம் மழை பட்ட மண்ணு, கடைசியில சுருட்டுப் பெட்டி வாசம். பிரமாதம்லா!”

“ரசிகரு தம்பி நீங்க!” ரங்கசாமி பூரித்துப்போனார்.

“கைதேர்ந்த குடிகாரன்,” என்று கமலவேணி மகளின் காதைக் கடித்தாள். ஷாமினி தலைகுனிந்தாள்.

மேசையைத் துடைக்க வந்தபோதுதான் கமலவேணி கவனித்தாள். லோகேந்திரனின் கிளாஸில் வைன் ஊற்றிய அளவு குறையாமல் அப்படியே இருந்தது.

“ஏன் தம்பி, நீங்க குடிக்கவே இல்லையா?”

“மாசி மகத்துக்குக் காவடி எடுக்குறேன் ஆண்ட்டி, விரதம். ஆனா அங்கிள் அவ்வளவு ஆசையா திறந்தாரு. விரதம் வாய்க்குத்தானே, மூக்குக்கு இல்லையே!”

அன்று மாலையே அவன் பெற்றோருக்குச் சம்மதக் கடிதம் எழுதியது கமலவேணிதான்.

“கையில கிளாஸ வச்சுக்கிட்டுக் குடிக்காம ரசிக்கிற ஆம்பளைய இன்னிக்குத்தான் பாத்தேன்,” என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே உறையை ஒட்டினாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தபாலில் சேர்க்கச் சொல்லி ஷாமினியின் கையிலேயே கொடுத்தனுப்பினாள்.