ஒரே ஒரு ஆதரவாளர்

ஹல்லா டேப்லெட் கணினிக் கம்பெனியின் தலைவர் ஓர்வோ, நாளைக்கு ராஜினாமா செய்வதா வேண்டாமா என்ற குழப்பத்தோடு எஸ்போ நகரத்துப் பொதுச் சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், போய் உட்கார்ந்தார். கண்ணாடி இல்லை, உடுப்பில்லை, ஒரே நீராவி. யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. ஊர் என்ன நினைக்கிறது என்று அறிய அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"ஹல்லாவோட புது டேப்லெட்டைப் பாத்தீங்களா? கையுறையோட தொட்டா வேலையே செய்யல. பின்லாந்துல விக்கிற சாமானா அது?"

"எங்க வீட்ல அதுமேல வெச்சுதான் மீன் அறுக்கிறோம்" என்றார் கீழ்ப் பலகையில் இருந்தவர். "முதல்ல அந்தத் தலைவனைத் துரத்தணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜினாமாதான் என்று ஓர்வோ முடிவு செய்தார்.

"யோவ், வாயை மூடுங்கய்யா!" மேல் பலகைக்காரர் கொதித்தார். "அடுத்து சுருட்டி வெக்கிற டேப்லெட் கொண்டுவரப் போறாராம். கொண்டுவரட்டுமே! இன்னும் பத்து வருஷம் அவர்தான் தலைவரா இருக்கணும்!"

ஓர்வோவுக்குக் கண் கலங்கியது. உடை மாற்றும் அறையில் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்க அந்த ஓர்வோ. ராஜினாமா பண்ண இருந்தேன். உங்க பேச்சைக் கேட்டு மனசை மாத்திக்கிட்டேன்."

"நிஜமாவா? போக மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்."

ஓர்வோ நிம்மதியாக வாசலைத் தாண்டுவதற்குள், உள்ளே அந்த மனிதர் தன் மனைவியிடம் போனில் கத்துவது கேட்டது.

"தங்கம், ஏரிக்கரை வீட்டை வாங்கிடலாம்! அந்தாளு போகலையாம். இந்த வருஷமும் ஹல்லா இல்ல, நம்ம கம்பெனி டேப்லெட்தான் விக்கும்!"