சீட்டில் இல்லாத மூன்று

"எட்டு தப்பு சார்! எட்டையும் பிடிச்சுட்டோம்!"

வகுப்பே கத்தியது. என் கையில் இருந்த சீட்டில் அஞ்சுதான் இருந்தது.

எங்கள் இங்கிலீஷ் சார் பாடம் நடத்துகிற விதம் அப்படி. போர்டில் ஒரு பத்தி எழுதுவார். நடுநடுவே வேண்டுமென்றே தப்பு விடுவார். என்னென்ன தப்பு என்று முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிடுவார். ஒருநாள் நாலு இருக்கும், ஒருநாள் பத்து. மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நான் சீட்டைப் பார்த்து உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சீட்டைக் கிழித்துப் போட வேண்டும். எனக்குப் பேர் நீதிபதி.

இங்கிலீஷில் பதினொரு மார்க் வாங்குகிறவன் நீதிபதி! "பாவம், அவனும் ஏதாவது செய்யட்டும்னு சார் விட்டிருக்கார்" என்று கிளாஸ் லீடர் என் காதுபடவே சொல்லுவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் கடைசி பெஞ்ச் தூங்காமல் உட்கார்ந்தது அந்த ஒரு பீரியடில்தான். அதையும் சொல்லணும்.

அன்றைக்குப் பார்த்து ஹெச்.எம். வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். "பாடம் நடத்தச் சொன்னா வித்தை காட்டறீங்களா?" என்று முன்னே ஒருதரம் எல்லார் முன்னாலும் சாரைக் கேட்டவர். மடியில் நோட்டு, கையில் பேனா.

சார் என்னைப் பார்த்தார். "நீதிபதி அவர்களே, எட்டும் சரியா?"

மூன்று சீட்டில் இல்லை. ஒரு வரியில் நடு வார்த்தையைக் காணோம். ஒரு வரியை ரெண்டு தடவை எழுதியிருந்தார். தேதியில் போன வருஷம். எனக்கே தெரிகிற தப்பு.

"எட்டும் சரி சார்."

சார் நெற்றியைச் சுருக்கினார். "எட்டா? நான் அவ்வளவா எழுதினேன்?"

"எட்டுதான் சார். எண்ணிட்டேன்."

"பொய் சார்!" லீடர் எழுந்தாள். "முழிக்கிற முழியைப் பாருங்க. சீட்டைக் காட்டச் சொல்லுங்க."

அதற்குள் கிழித்துவிட்டேன். வழக்கத்தைவிடப் பொடியாக.

"உட்காரும்மா. அவன் பொய் சொல்ல மாட்டான்," என்றார் சார். முகம் தெளிந்துவிட்டது.

போகும்போது ஹெச்.எம். சாரின் தோளைத் தட்டினார். "பரவாயில்லையே, பசங்க நல்லாப் பிடிக்கிறாங்க!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மனுஷன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் இல்லையா?

அப்புறம் பழகிவிட்டது. முதலில் வாரத்துக்கு ஒரு நாள். பிறகு தினமும். சீட்டில் நாலு, போர்டில் ஏழு. சீட்டில் ஆறு, போர்டில் பன்னிரண்டு. வயசாகுது, கவனம் சிதறுது, பாவம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "எல்லாம் சரி சார்." இப்படி நாலு மாசம்.

ஒரு திங்கட்கிழமை சார் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் சார் வாயைத் திறந்தார். சத்தம் வந்தது. வார்த்தை வரவில்லை.

அவர் வீட்டம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நீதானேப்பா நீதிபதி?"

"ஆமாம்மா."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி மூளையில ஒரு கட்டி எடுத்தாங்க. திரும்ப வந்தா முதல்ல எழுத்துலதான் தெரியும், ஆனா அது உங்களுக்கே தெரியாது, பக்கத்துல இருக்கறவங்கதான் கவனிக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுல இவர் எங்க எழுதறார்? ஸ்கேனுக்குக் கூப்பிட்டா, 'எனக்குத்தான் கிளாஸ்ல தினமும் டெஸ்ட் நடக்குதே'ன்னு சிரிப்பார்."

"அதுக்குத்தானா எங்கிட்ட சீட்டு?" என்றேன்.

"எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைங்க இருக்க, ஏன் இவன்னு கேட்டேன். 'மத்தவங்க எனக்காகப் பூசி மெழுகுவாங்க. அவன் ஒருத்தன்தான் மூஞ்சிக்கு நேரா சொல்றவன்'னார். தினமும் வந்ததும், 'இன்னிக்கும் பையன் ஒண்ணும் சொல்லலை'ம்பார். அப்புறம்தான் நிம்மதியா சாப்பிட உட்காருவார்."

"இப்ப டாக்டர் என்ன சொல்றாரும்மா?"

"நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா எடுத்திருக்கலாமாம். இனிமே கை வைக்க முடியாதுன்னுட்டாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உன் கண்ணுக்குக்கூடப் படாம எப்படிப்பா போச்சு?"

மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இங்கிலீஷ் வராமல் நின்றுவிட்டான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் சீட்டைக் கையில் கொடுத்த அன்று சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சீட்டுல இல்லாத தப்பு ஒண்ணே ஒண்ணு போர்டுல இருந்தாலும் அன்னிக்கே எங்கிட்ட சொல்லிடுடா. கிளாஸ்ல வேண்டாம், மணி அடிச்சதும் தனியா வந்து சொன்னாப் போதும்."