ஸ்டாக்ஹோம் – ஆஸ்லோ: ஒரு மணி நேரம்

"என்ன அண்ணி, கடைசியில நீங்களும் வழிக்கு வந்துட்டீங்க போல?"

ஸ்டாக்ஹோம் விமான நிலைய வரிசையில் அண்ணி குன்வோரைப் பார்த்ததும் ருட்கருக்கு வாயெல்லாம் பல். எத்தனை வருஷமாக இந்த ஒரு நாளுக்குக் காத்திருந்தான்.

"ஆஸ்லோ ரயிலை ரத்து பண்ணிட்டாங்க ருட்கர். அடுத்தது நாளைக்குத்தானாம்," என்றாள் குன்வோர்.

அன்று பிற்பகல் ஆஸ்லோவில் அவள் மகள் தூவாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நார்வேக்காரன். அவர்கள் வழக்கப்படி அப்பாதான் பெண்ணைக் கைபிடித்து சர்ச்சுக்குள் அழைத்து வர வேண்டும். "அப்பா வராம நான் உள்ளே நடக்க மாட்டேன்" என்று தூவா போனில் அழாத குறை.

"நானூறு கிலோமீட்டர் அண்ணி. ரயில்ல அரை நாள், விமானத்துல ஒரு மணி நேரம். இதைத்தானே நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்? ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்துலயும் பூமி சூடாகுது, பறக்கிறது பாவம்னு எங்களைச் சாப்பிட விடாம உபதேசம் பண்ணுவீங்களே. சொந்தப் பொண்ணு கல்யாணம்னதும் பூமி குளிர்ந்துடுச்சா?"

குன்வோர் சிரித்து மழுப்பினாள். பக்கத்தில் அவள் கணவன், ருட்கரின் அண்ணன் சிக்ஸ்டன், கைப்பெட்டியை இறுகப் பிடித்தபடி நின்றான். முகம் வெளுத்துப் போயிருந்தது. பெண்டாட்டி இப்படி நாலு பேர் முன்னால் அவமானப்பட்டால் யாருக்குத்தான் வெளுக்காது என்று ருட்கர் நினைத்துக்கொண்டான்.

இருந்தாலும் அவனுக்குப் பரிதாபம் வரவில்லை. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மொத்தக் குடும்பமும் மால்டாவுக்குப் பறந்தபோது, மூத்த பிள்ளை மட்டும் வரவில்லை. எல்லாம் இந்த அண்ணியின் கொள்கையால். அம்மா அன்று கண்கலங்கியதை அவன் மறக்கவே இல்லை.

விமானத்தில் அவர்கள் பக்கத்து வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சிக்ஸ்டன் வழி முழுக்க குன்வோரின் கையை விடவே இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு ஆறுதலா? அண்ணனுக்கு ரொம்பத்தான் இளகிய மனசு என்று ருட்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்லோவில் இறங்கினார்கள். சிக்ஸ்டனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆனால் ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்க்க, இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, "ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினான். குன்வோர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஆமாண்ணே, அண்ணியோட பிடிவாதத்தை ஜெயிச்சுட்டே. இனிமேலாவது அவங்க யாருக்கும் உபதேசம் பண்ணாம இருக்கட்டும்," என்றான் ருட்கர்.

வேண்டாம் என்பதுபோல் குன்வோர் கணவனின் தோளை அழுத்தினாள். அவன் கேட்கவில்லை.

"டேய், அவளுக்குக் கொள்கையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. விமானம்னாலே எனக்குத்தான் உயிர் போயிடும். அது தெரிஞ்சா நீங்க எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பீங்கன்னு, இத்தனை வருஷமா உன் கேலியை எல்லாம் அவ வாங்கிக்கிட்டா."