டாக்டர் மஹாதேவனின் திட்டு

“பொம்மனாட்டி கையில வயித்தைக் கொடுக்க நான் வரலை டாக்டர். இப்பவே சொல்லிட்டேன்.”

மேஜைமேல் மல்லாந்து கிடந்தபோதும் வாஞ்சிநாதன் அலிப்பூர் கோர்ட்டுக் கச்சேரியின் தலைமைக் குமாஸ்தாவாகவே இருந்தார். குடல்வால் பழுத்து வீங்கியிருந்தது. இன்று அறுக்காவிட்டால் உயிர் தங்காது. ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான்.

1912-ல் பவானிபூர்த் தமிழர்கள் நம்பி வயிற்றைக் காட்டிய ஒரே சர்ஜன், கிழவர் மஹாதேவன். அவருக்கு உதவி டாக்டர், சாவித்ரி.

“கவலையே வேண்டாம்” என்ற மஹாதேவன், அவள் பக்கம் திரும்பினார். “இந்தாம்மா, பட்டம் வாங்கிட்டா சர்ஜன் ஆயிடலாம்னு நினைப்போ? மயக்க மருந்தைக் கொடுத்துட்டு ஓரமா நில்லு. கத்தியைத் தொட்டே, நாளைலேர்ந்து வர வேண்டாம்.”

சாவித்ரி தலையைக் குனிந்துகொண்டாள். வாஞ்சிநாதனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நிம்மதியாகவும் இருந்தது.

“ஒண்ணு, ரெண்டு எண்ணுங்கோ மாமா” என்றாள்.

குளோரோஃபார்ம் அழுகின பழம்போல் தித்தித்தது. பதினொன்றில் மேஜை அசைந்தது. பதினான்கில் அது படகாகிக் கங்கையில் இறங்கிவிட்டது. பதினைந்தை அவர் தண்ணீரில் தவறவிட்டார். நதி பால் நிறத்தில் இருந்தது. துடுப்புப் போட்டவள் ஒரு பெண். டாக்டரோ விளிம்பில் பயணிபோல் சாதுவாக உட்கார்ந்திருந்தார்.

எங்கிருந்தோ குரல்கள் மிதந்து வந்தன.

“இன்னிக்குத் திட்டு போதலை டாக்டர். போன தடவை இதைவிட நன்னா இருந்தது.”

“உன்னைத் திட்ட எனக்கு வாய் வரலியேம்மா.”

“வரவழைச்சுக்கோங்கோ.”

கனவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

தையல் பிரித்த அன்று மஹாதேவன் டீ குடிக்க உட்கார்ந்தார். கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. பாதி டீ வேஷ்டியில்.

வாஞ்சிநாதன் அந்தக் கையைப் பார்த்தார். தம் வயிற்றைப் பார்த்தார். அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் கோடு. பிறகு சாவித்ரியைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது. இவர் வாயைத் திறந்தால், இனி அவளுக்குக் கத்தி கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கச்சேரி நண்பர் வெங்கடராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கும் அதே இடத்தில் வலி.

“ஓய் வாஞ்சி, இங்கே ஒரு பொம்மனாட்டி இருக்காளாமே. கத்தியைத் தொடுவாளோ?”

வாஞ்சிநாதன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

“டாக்டர் அவளைக் கிட்டவே விடமாட்டார். நீர் மயங்கற வரைக்கும் அவளைத் திட்டுவார், காது குளிரக் கேட்டுக்கொள்ளும். நான் பிழைச்சதே அந்தத் திட்டாலதான்.”

பிறகு கிழவரின் காதருகே குனிந்தார்.

“டாக்டர், இவன் என்னைவிடச் சந்தேகப் பிராணி. இன்னும் கொஞ்சம் உரக்கவே திட்டுங்கோ.”