வியாழக்கிழமை மேளங்கள்

பதினாலாவது மேளம் வீட்டுக்குள் நுழையப் பார்த்தது. மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இது யாருக்கு?"

"சும்மா... பார்க்க நல்லாருந்துது."

"போன வாரம் வாங்கினதும் இதே மேளம்தான். அதுக்கு முந்தின வாரம் கைதட்டுற குரங்கு ஆறு. நம்ம பொண்ணு காலேஜ் முடிக்கப் போறா. உங்களுக்கு நாற்பத்தெட்டு வயசு. வெளியில சொன்னா சிரிப்பாங்க."

வெளியில் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிற அவருக்கு அங்கே பெயரே 'பொம்மை சார்'. சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில், தகரத் தவளை, தகரக் கோழி என்று ஒரு பீரோ நிறைய வைத்திருந்தார். அந்தப் பீரோவோடும் சேர்த்துத்தான் அவள் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினாள். அதுவாவது பார்க்க லட்சணமாக இருக்கும். இந்த பிளாஸ்டிக் மேளத்தை என்னவென்று சொல்வது?

"மறைக்காம சொல்லுங்க. புத்தி கித்தி பிசகிடுச்சா?"

பொம்மை சார் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மூன்று மாதமாக வாயைப் பூட்டிக்கொண்டிருந்தவர், அன்றைக்குக் கொட்டிவிட்டார்.

"நான் சனிக்கிழமையானா போய் வேடிக்கை பார்ப்பேனே, அந்தப் பெரிய கடையில முன்னெல்லாம் ரெண்டாவது மாடி முழுக்க பொம்மைதான், தெரியுமில்ல? அது பாதி மாடியாச்சு. அப்புறம் நாலு வரிசையாச்சு. இப்ப ஒரே ஒரு வரிசை. இந்தப் பக்கம் துடைப்பம், அந்தப் பக்கம் வாளி. மாசம் நாற்பது பொம்மை போகலேன்னா அதையும் எடுத்துட்டு வாளியே அடுக்கிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார்."

"அடுக்கட்டுமே. உங்களுக்கென்ன வந்தது?"

"எனக்கென்ன... அங்க ஒரு அக்கா நிக்கிறாங்க. இருபத்திரண்டு வருஷமா பொம்மை மட்டும்தான் விக்கிறாங்க. வரிசை போனா அவங்க பிழைப்பும் போச்சு. இந்த வயசுல யார் வேலை தருவா? வியாழக்கிழமை அவங்களுக்கு லீவு. அன்னிக்குப் பார்த்துப் போய், பில் போடுற பொண்ணுகிட்ட கணக்குக் கேட்டு, குறையறதை நான் வாங்கிடறேன். தெரிஞ்சா கூச்சப்படுவாங்க பாரு."

இப்படிப்பட்ட மனுஷனையா இவ்வளவு நாள் வாய்க்கு வந்தபடி திட்டினோம் என்று மனைவிக்கு அழுகையே வந்தது.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? சனிக்கிழமை நானும் வர்றேன். என் பங்குக்கு ரெண்டு வாங்கறேன்."

சனிக்கிழமை மாதத்தின் கடைசி நாள். இரண்டாவது மாடியில் அக்கா முட்டியை நீவிக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் ஒரு டஜன் குரங்குகள் ஓயாமல் கைதட்டின. பொம்மை சார் கண்ணைக் காட்டிக் காட்டித் தடுத்தும் மனைவியால் வாயை அடக்க முடியவில்லை.

"அக்கா, நீங்க கவலையே படாதீங்க. உங்க வேலை எங்கயும் போகாது. மூணு மாசமா இவர்தான் யாருக்கும் தெரியாம வந்து வாங்கிட்டுப் போறார்."

அக்கா அவரையே பார்த்தார். பிறகு பக்கத்து வரிசையிலிருந்து ஒரு வாளியை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"அது நீங்கதானா சார்?"

பொம்மை சார் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லா இருங்க சார்," என்றார் அக்கா. அந்தக் குரலில் வாழ்த்து எதுவும் இல்லை. "என் வீட்டுப் பக்கத்துலயே இவங்களுக்கு இன்னொரு கடை இருக்கு. அங்க உட்கார நாற்காலி தருவாங்க. இந்த வரிசையை எடுக்கிற அன்னிக்கே உங்களை அங்க மாத்திடறேன்னு மேனேஜர் வாக்கு கொடுத்திருக்கார். நானும் மாசாமாசம் மூட்டையைக் கட்டி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். கடைசி நாள் பார்த்தா, சரியா நாற்பது போயிருக்கு. முட்டி தேஞ்சே போச்சு சார். இந்தக் குரங்குங்க கனவுல வந்தும் கைதட்டுது."

மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவமே. இந்த மாசம் எத்தனை போயிருக்கு?"

"முப்பத்தெட்டு. ஆறு மணிக்கு மேனேஜர் பார்ப்பார்." அக்கா அப்போதுதான் சிரித்தார். "இன்னும் ஒரு மணி நேரம் ஒருத்தரும் இந்தப் பக்கம் வராம இருந்தாப் போதும்."

"யார் வரப்போறா? நாங்களும் தொட மாட்டோம். இல்லீங்க?"

"சேச்சே, நான் ஏன் தொடப்போறேன்?" என்றார் பொம்மை சார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தார். திங்கட்கிழமை இங்கே வாளி நிற்கும். அப்புறம் சனிக்கிழமைகளில் எங்கே போவது?

மனைவிக்கும் அக்காவுக்கும் அதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. "வாங்கக்கா, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம். நீங்களும் வாங்களேன்."

"நீங்க போங்க. நான் வண்டியை எடுத்துட்டுக் கீழே நிக்கிறேன்."

இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

ஐந்து நிமிஷம் கழித்து பில் போடும் பெண்ணின் முன்னால் பொம்மை சார் நின்றார். மேஜையில் இரண்டு மேளம்.

"பை வேணுமா சார்?"

"பெரிசா ஒண்ணு குடும்மா. உள்ள இருக்கிறது வெளியில தெரியக் கூடாது." டீ குடிக்கிற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாடியில இருக்கிற அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. பாவம், மனசு கஷ்டப்படுவாங்க."